மூன்றாவது டிஸ்க்

மாற்றி மாற்றிப் போட்டதில் மூன்றாவது டிஸ்க்கும் போய்விட்டது. குடும்பப் படங்களை இரண்டு டிஸ்க்கில் ஒன்றுபோலச் சேமித்து வைக்கும் கணினிப் பெட்டியில் சிவப்பு விளக்கு. கலியாணம் முதல் மகளின் சடங்கு வரை அத்தனை படமும் இனி மிச்சமிருந்த ஒற்றை டிஸ்க்கில்தான்.

பிலிமத்தலாவையிலுள்ள கணினிக் கடையிலிருந்து வந்து பெட்டியைத் திறந்த அஜந்தனை விட்டு வீட்டுக்காரர் நிரஞ்சன் கண்ணை எடுக்கவில்லை. பழைய டிஸ்க்கைப் புதிதென்று தலையில் கட்டுகிறான், வேறென்ன?

“டிஸ்க்குல பிழையில்ல சேர். ஃபேன் பூரா பிசுபிசுன்னு கரி. காத்து போகாம சூட்டுலதான் சாகுது. இங்க புகை ஏதும் வருதா?”

“புகையா? இந்த வீட்ல யாரும் சிகரெட்டைத் தொட்டதே இல்ல தம்பி!”

அவன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி நிரஞ்சனுக்கு.

அஜந்தன் கரியைத் துடைத்து, புது டிஸ்க்கை மாட்டினான்.

“நல்ல பொட்டி சேர். கண்டியிலயே இப்படி ஒன்னு கிடைக்காது” என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் நிரஞ்சன் மனைவியைக் கூப்பிட்டார்.

“நிலூஷா! சாம்பிராணியக் கொண்டா. ஏமாத்துறது பத்தாம கண்ணையும் வச்சிட்டுப் போறான். ஒவ்வொரு தடவையும் அவன் போனதும் காட்டுறோம்தானே, பத்தல. இந்த முறை மூடியத் தொறந்து உள்ளுக்கே நல்லாக் காட்டு!”