மஜீட் காக்காவின் ஆங்கிலம்

“இந்த முறையும் எல்லாம் ஒரே கையெழுத்து” என்றார், விண்ணப்பங்களைப் புரட்டிய உதவி நிறுவன அதிகாரி.

மீனவர் சங்கக் கட்டடத்தில் கூடியிருந்தவர்கள் அந்தத் தாள்களை எட்டிப் பார்த்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு தோணி கேட்டு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய பெட்டிசங்கள் போன மாதம் திரும்பி வந்திருந்தன. ஒருவருக்கு நன்றாக அமைந்த பெட்டிசத்தையே எல்லோரும் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள். நல்ல பெட்டிசம் எல்லோருக்கும் நல்லதுதானே. ஒவ்வொரு வாக்கியமும் ‘நான்’ என்று தொடங்கி, ஒரே நீளத்தில் முடிந்தது. போலி என்றது உதவி நிறுவனம்.

இன்றும் போலி என்றால் தோணிகள் வேறு ஊருக்குப் போய்விடும்.

“நான்தான் எழுதின, சேர்” என்று பரீனா முன்னே வந்தாள். “ஆனா சொன்னது அவங்க.”

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவள். வாக்கியத்தின் தொடக்கத்தை மாற்று, நீளத்தை மாற்று என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எப்படி மாற்றுவது என்று அவள் புத்தகத்தில் தேடவில்லை. ஒவ்வொருவரையும் கதைக்க விட்டுக் கேட்டு, அவரவர் பேச்சுப்படியே ஆங்கிலத்தில் எழுதினாள்.

கொழும்புத் தமிழரான அதிகாரி, ஒரு தாளில் பெயரைக் கையால் மறைத்தார்.

“தமிழில் வாசிக்கிறேன். யாருடையது என்று மற்றவர்கள் சொல்லட்டும்.”

வாசித்தார். “விடிய எழும்பி, தேத்தண்ணி குடித்து, மச்சான் வருவானென்று பார்த்துக்கொண்டிருந்து, அவன் வராததால் தனியாகத் தோணியைத் தள்ளி, பாலம் தாண்டும்போது மழை பிடித்து…”

அவருக்கு மூச்சு வாங்கியது. வாக்கியம் முடியவில்லை.

கட்டடமே சிரித்தது. “அது மஜீட் காக்கா. இங்கிலீசிலயும் மனிசன் வாய மூடுறாரில்ல.”

அடுத்த தாள். “தோணி போனது. வலை போனது. நான் இருக்கிறேன்.”

“வல்லிபுரம் அண்ணன். மூணு வசனம் கதைச்சதே பெரிய விசயம்.”

அடுத்தது. “கரையில் நின்றால் இறால் வருமா? வந்தால் நான் ஏன் தோணி கேட்கிறேன்?”

“அஹமட்! கேள்வி கேக்காட்டி அவனுக்குச் சோறு இறங்காது.”

அதிகாரியும் சிரித்துவிட்டார். தாளுக்குத் தாள் ஒப்புதல் முத்திரை விழுந்தது.

கடைசித் தாள்.

“வாவியில் ஆழம் எது, மணல் எது என்று தெரியும். காற்று மாறினால் திரும்பவும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: எனக்கென்று கேட்பது.”

யாரும் சிரிக்கவில்லை. ஆளை ஆள் பார்த்தார்கள்.

“கேக்கத் தெரியாத ஆள் எங்கட சங்கத்தில இல்லையே, சேர்” என்றார் மஜீட் காக்கா.

அதிகாரியின் முகம் மாறியது. முத்திரை அந்தரத்தில் நின்றது. ஒன்று போலியென்றால் எல்லாமே போலிதான்.

“அது என்ட, சேர்” என்றாள் பரீனா.

அவள் கணவனையும் தோணியையும் கடல் ஒன்றாகவே கொண்டுபோயிருந்தது. கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாக் காலத்தை முடித்து வெளியே வந்தவள், முதலில் உட்கார்ந்து கேட்டது மற்றவர்களின் இழப்பைத்தான்.

“நீங்கள் தோணி விடுவீர்களா?”

“அவரோட எத்தனை நாள் தோணியில தண்டு வலிச்சிருப்பன். இனித் தனியா விடுவன்.”

அந்தச் சங்கத்தில் அதுவரை ஒரு பெண்ணின் பெயரில் தோணி இருந்ததில்லை.

முத்திரை விழுந்தது.

“என்ன நிறம் அடிக்கச் சொல்ல?” என்று கேட்டார் அதிகாரி.

“சிவப்பு” என்றாள் பரீனா. “தூரத்தில இருந்தே தெரிய வேணும்.”