பெட்டி மேல் ஒரு கை

“எண்ணுங்க மேடம். வாய்விட்டு எண்ணுங்க” என்றார் கையுறை கம்பெனி முதலாளி.

டிசைன் ஆபீஸ் நடத்தும் அந்த அம்மாள் மேஜை மேலிருந்த அட்டைப்பெட்டியைக் குனிந்து பார்த்தாள். பழைய காலத்துப் புத்தகங்களில் மெல்லிய கோடுகளாலேயே செதுக்கி அச்சடித்த கைப்படங்கள் வருமே, அந்த மாதிரி ஓர் இடது கை மூடியில் விரிந்திருந்தது. கட்டை விரலில் தொடங்கி, சுண்டு விரலுக்கு அப்புறமும் எண்ண வேண்டி வந்தது.

“ஆறு” என்றாள்.

“ஆறு! கையுறை விக்கிறவன் பெட்டியில ஆறு விரல்! ஊரே சிரிக்குது. ‘ஆறாவது விரலுக்கும் சேத்து உறை தைப்பீங்களா’ன்னு கடைக்காரங்க போன் பண்ணிக் கேக்கறாங்க. மானம் போகுது!”

அவள் என்ன சொல்வாள்? அச்சுக்குப் போகும்முன் ஆபீஸ் மொத்தமும் கூடி நின்று எழுத்துப் பிழை பார்த்தது, நிறம் பார்த்தது, ஓரம் பார்த்தது. கோடெல்லாம் தலைமுடி மாதிரி எவ்வளவு மெல்லிசு என்று வாய் ஓயாமல் மெச்சியது. கைக்கு எத்தனை விரல் என்று எண்ணிப் பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

“இது ஏ.ஐ. மெஷின் போட்ட படம். அதுதான் இப்படி விரலைக் கூட்டிக் கொறைச்சுப் போடும், சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மனுஷன் போட்ட படம் மட்டும்தான்னு சத்தியம் பண்ணீங்களே!”

பண்ணியிருந்தாள். அதைப் பெருமையாகப் பெட்டியிலேயே அச்சடித்தும் வைத்திருந்தார்கள். இவர் வேலை கையை விட்டுப் போனால் ஆபீஸுக்குப் பூட்டுதான்.

“படம் போட்டவரை வரச் சொல்லியிருக்கேன் சார். இப்ப வந்துடுவாரு.”

படம் போட்டவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். இத்தனை நாளும் கம்ப்யூட்டர் திரையில் முகத்தைப் பார்த்துப் பேசியதோடு சரி. இன்றுதான் முதல் தடவையாக நேரில் வந்தார். குளிரில் உதடு வெடித்து, ஜெர்க்கின் பாக்கெட்டில் கைகளைத் திணித்துக்கொண்டு வந்தவர், முதலாளியைப் பார்த்ததும் வலது கையை எடுத்து நீட்டினார். முதலாளி கை கொடுக்கவில்லை.

“ஆபீஸ்ல எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜோடி உறை அனுப்பினேன். இந்தக் குளிர்லயும் இவர் அதைப் போடல பாருங்க மேடம். நம்ம சரக்குமேல அவ்வளவு மரியாதை!”

நீட்டிய கையை ஓவியர் மெல்ல மடக்கிக்கொண்டார்.

“தம்பி, இந்தக் கையை எந்தப் புத்தகத்துலருந்து எடுத்தீங்க?” என்று கேட்டாள் அவள். ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

“புத்தகத்துல இல்ல மேடம். பெட்டிக்கு மேல இடது கை, அடியில வலது கை வேணும். நம்மகிட்ட இருந்த பழைய படத்துல விரிச்ச கையெல்லாம் வலது கை. அதையே புரட்டிப் போட்டா நிழல் தப்பான பக்கம் விழுதுன்னு சார் வேண்டாம்னுட்டாரு. அதான், அதே மாதிரி கோடு போட்டு நானே வரைஞ்சேன். கையைப் பாத்துத்தான் வரைஞ்சேன்.”

“பொய்!” முதலாளி மேஜையைத் தட்டினார். “பாத்து வரையறவன் எவனாவது ஆறு விரல் போடுவானா? கூட ஒண்ணு இருக்குதேன்னு உனக்கே உறுத்தாது?”

“உறுத்தல சார். நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு அது வித்தியாசமாவே படல.”

போச்சு. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதைவிட அசட்டுத்தனமாக ஒரு மனுஷன் பொய் சொல்ல முடியுமா? இதையும் முதலாளி நம்புவார் என்று நினைத்தானா?

“மேடம், முடிவா சொல்றேன். இந்த ஆள் இருக்கிற இடத்துல என் வேலை இருக்காது.”

அவள் ஓவியரின் முகத்தைப் பார்க்கப் பயந்து பெட்டியைப் பார்த்தாள். எத்தனை திருத்தம் சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்த பிள்ளை. வாய் நிறையத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டுவிட்டு, அதே வாயால் போ என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஆபீஸில் மற்றவர்களும் இருக்கிறார்களே. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வாடகை இருக்கிறது.

“மன்னிச்சிடுங்க தம்பி. நாளையிலருந்து…” என்று இழுத்தாள்.

“பரவால்ல மேடம், புரியுது” என்றார் ஓவியர். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கதவுவரை போய்விட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி மேஜையருகே வந்தார்.

பாக்கெட்டுக்குள்ளேயே இருந்த இடது கையை வெளியே எடுத்து, பெட்டியின் மேல், அந்தப் படத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

முதலாளி எண்ணினார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. சுண்டு விரலைத் தாண்டியதும் அதுவும் நின்றுவிட்டது.

“இந்தக் கைக்கு ஒரு உறை தைச்சுத் தருவீங்களா சார்?”