வேகம் எவ்வளவு?

“எவ்வளவு ஸ்பீடு போகும்?”

வேனில் ஏறும் முன்பே அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி அதுதான். வேனை விற்கக் காத்திருந்த எலக்ட்ரீஷியன் விழித்தான். டயரைப் பார்க்கவில்லை, பெயின்டைப் பார்க்கவில்லை, எடுத்த எடுப்பிலேயே வேகமா?

அவனுடையது ஆட்டோமேட்டிக் வேன். கியர் தானாக மாற வேண்டியது, இப்போது இரண்டாவது கியரிலேயே முரண்டு பிடித்து நிற்கிறது. எப்படி மிதித்தாலும் நாற்பதைத் தாண்டாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நைசாக நழுவிவிட்டார்கள். “சாயங்காலத்துக்குள்ள இது வாசலை விட்டுப் போகல, நீயும் வீட்டைக் காலி பண்ணிடு” என்று வீட்டுச் சொந்தக்காரர் கத்திவிட்டுப் போயிருக்கிறார்.

“நூறு போகும்மா, அசால்ட்டா!”

அம்மாளின் முகம் சுருங்கியது. நூறும் போதவில்லை போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அம்மாள் சலவைக் கடை வைத்திருப்பவர். வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுக்கக் கணவருக்கு வேன் வேண்டுமாம். கூட வந்த கணவர், கையில் மாவுக்கட்டோடு பின் சீட்டில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாள்தான் ஓட்டினார். பெரிய சாலை வந்ததும் ஓங்கி மிதித்தார். எஞ்சின் அலறியது, முள் நாற்பதிலேயே நின்றது.

“என்னங்க, ஏறவே மாட்டேங்குது?”

“இன்னும் சூடாகலம்மா. சூடாயிட்டா பறக்கும் பாருங்க!”

அவ்வளவுதான். வண்டியை ஓரம் கட்டி, சாவியை உருவி அவனிடம் நீட்டினார். “வேண்டாங்க. எங்களுக்குச் சரிப்படாது.”

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று எலக்ட்ரீஷியனுக்கு உடம்பு கூசியது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“மன்னிச்சிடுங்கம்மா, பொய் சொல்லிட்டேன். கியர் பாக்ஸ்ல கோளாறு. தலைகீழா நின்னாலும் நாப்பதுதான்.”

“நெஜமாவா?”

“சத்தியமாம்மா. பாக்ஸையே மாத்தினாத்தான் மேல போகும்னு மெக்கானிக் சொல்லிட்டாரு.”

பின் சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நீட்டிய சாவியை அம்மாள் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார்.

“பேப்பரை எடுங்க. இந்த வண்டியேதான் எனக்கு வேணும்.”

பிறகு திரும்பி, கணவரின் மாவுக்கட்டை ஒரு பார்வை பார்த்தார்.

“இனிமே பறந்து காட்டுங்க, பார்க்கலாம்!”