நல்லகாமன் நடக்கிறார்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் வடையுமாக, நல்லகாமன் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்ட ஆட்ட, பச்சை பெல்ட்டில் மாட்டியிருந்த நடை மீட்டர் டக் டக்கென்று ஏறியது.

"நடை நல்லாத்தான் இருக்கு."

பின்னால் மனைவி மாயக்காள்.

நல்லகாமன் காலை நிறுத்தினார். வடையை நிறுத்தவில்லை.

"இப்பத்தான் உக்காந்தேன். ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வாரேன்."

"செருப்புல புழுதியையே காணோம்?"

கடைக்காரர் சோணைமுத்து டீ ஆற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மீட்டரைப் பாரு, எம்புட்டு ஏறியிருக்குன்னு."

"அதான் பாத்தேனே, எப்படி ஏறுதுன்னு. ஒங்களுக்கு வெளையாட்டாப் போச்சா? எங்கக்கா காலைப் பாத்துமா புத்தி வரலை?"

வாடிப்பட்டியில் இருக்கும் அவள் அக்காவுக்குச் சுகர் முற்றி, ஒரு பாதத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் புருசனும் பெண்டாட்டியும் டவுன் டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்தார்கள். ரிசல்ட்டை வாங்கி வந்த நல்லகாமன், "ஒனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் சுகர். மாத்திரை வேணாம், நடந்தாப் போதும்னாரு" என்றார்.

அன்றைக்கே சீனி டப்பா பரண் ஏறியது. அவர் பார்த்திருக்கத் தான் மட்டும் எப்படித் தின்பது என்று மாயக்காளும் காப்பியைக் கசப்பாகவே குடித்தாள். கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி காசிமாயன் லீவில் வந்தபோது, மச்சானுக்கென்று ஜப்பானிலிருந்து அந்த மீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். நடந்தால் முள் நகரும். ஆட்டினாலும் நகரும் என்பதை அவன் சொல்லவில்லை. மச்சான் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார்.

இனிமேல் பின்னாலேயே போவது என்று மாயக்காள் முடிவுசெய்தாள்.

ஐம்பதைத் தாண்டிய புருசனும் பெண்டாட்டியும் ஜோடியாக நடந்தால் கோச்சடை ஊரே சிரிக்கும். அதனால் ஒரு காலித் தூக்குச்சட்டியோடு எட்ட வந்தாள். யாராவது கேட்டால் மோர் வாங்கப் போகிறாள்.

"ஏக்கா, வீதிக்கு நாலு வீட்டுல மோர் இருக்கு, தெனம் இம்புட்டுத் தூரமா?" என்றாள் பக்கத்து வீட்டு அன்னக்கொடி.

"அங்கதான் புளிக்காம இருக்கு."

ஒரு நாள் ஆற்றங்கரையில் அந்த மீட்டர் ஆடு மேய்க்கிற முத்திருளனின் வெள்ளாட்டுக் கழுத்தில் தொங்கியது. ஆடு துள்ளித் துள்ளி மேய்ந்தது. நல்லகாமன் மரத்தடியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

"மாமா, அத்தை வருது" என்று முணுமுணுத்தான் முத்திருளன்.

"வரட்டும், வரட்டும். நீ சீட்டைப் போடு."

மாயக்காள் ஆட்டைத் துரத்திப் பிடித்து மீட்டரை அவிழ்த்தாள். மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகும் மனுசன் திருந்தவில்லை. யாருடைய சைக்கிளிலாவது பின்னால் ஏறிக்கொண்டு அடுத்த ஊரான விராட்டிபத்து டீக்கடைக்குப் போய்க் காலாட்டினார். அவளும் விடவில்லை. வெயிலில் வேர்க்க விறுவிறுக்க அங்கேயும் போய் நின்றாள்.

"வந்துட்டியா? இன்னிக்குச் சீக்கிரமா வந்துட்ட" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வரும்போது வழியெல்லாம் அக்காவின் கட்டுப் போட்ட கால்தான் கண்ணுக்குள் நின்றது.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் டாக்டர். மறுபடியும் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும், டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மாயக்காள் முந்திக்கொண்டாள்.

"டாக்டரய்யா, இவரு மீட்டரைக் காட்டினா நம்பாதீங்க. பாதி ஆடு நடந்தது. மீதி காலாட்டி ஏத்தினது. இவரு ஒரு நாளும் நடக்கலை."

டாக்டர் சிரித்தார். "ஆனா சுகர் நல்லா எறங்கியிருக்கேம்மா."

"எப்படிய்யா எறங்கும்? கடை கடையா வடை தின்ன மனுசனுக்கு?"

"அவரு வடை தின்னா என்னம்மா? சுகர் உங்களுக்குல்ல இருந்துச்சு. அன்னிக்கே இவருகிட்டச் சொன்னேனே."

மாயக்காள் மெதுவாகத் திரும்பினாள். நல்லகாமன் சீலிங் பேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா அக்கா காலை நெனச்சுப் பாயைப் போட்டுப் படுத்திருப்ப" என்றார் அவர். "என்னையக் கையும் களவுமாப் பிடிக்கணும்னாத்தானே விராட்டிபத்து வரைக்கும் நடக்கிற."