எட்டு வரி ஜெர்மன்

மூன்று மாதமாக அந்த எட்டு வரி ஜெர்மன் கவிதை ஆரோக்கியராஜின் உயிரை வாங்கியது. அகராதியில் எல்லாச் சொல்லும் இருந்தது. சேர்த்துப் படித்தால் அரசன், ஈரத்துணி, ஒரு வாளி, வெறும் உளறல். விடுவானா? ‘பேரரசனின் தனிமை’ என்று பதினோரு பக்கம் விளக்கவுரை எழுதி நேற்றுதான் பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தான்.

“அப்படி என்னதான் இருக்கு, சத்தமாப் படிங்களேன்” என்றாள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி ஜெசிந்தா. எல்.கே.ஜி. டீச்சர், ஜெர்மனில் ஓரெழுத்து தெரியாது.

எரிச்சலோடு படித்தான். இரண்டாவது வரியில் அவள் கத்தியை வைத்துவிட்டாள். வகுப்பில் பாட்டுக்குத் தினமும் செய்வதுபோல அவள் கைகள் தாமாகவே மலை ஏறும் அபிநயம் பிடித்தன. அவன் வாய் நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க? அர்த்தத்தை விடுங்க, ஓசை அப்படியே எங்க கிளாஸ் இங்கிலீஷ் ரைம்ஸ்! தண்ணி எடுக்க ரெண்டு பேர் மலையேறுற பாட்டு. அடுத்த வரியில தொப்புனு விழணும்.”

பதினோரு பக்கத்தில் யாருமே விழவில்லை. தலைக்கு மேல் தூக்கிய கைகளோடு அவள் காத்திருந்தாள்.