டிக்கி இல்லாத கார்

“ஏம்மா, இந்த வண்டியிலயா சாப்பாடு கொண்டுபோகப் போறே?”

சமையற்கட்டின் பின்வாசலில் நின்றபடி கேட்டார் கடை முதலாளியம்மா. சந்தில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. உயரம் அவர் இடுப்புக்கு மேல் இல்லை. உள்ளே இரண்டே சீட்.

“நாலு சக்கரம் இருக்கு, ஓடுது. வேற என்னக்கா வேணும்?” என்றாள் வேலை கேட்டு வந்தவள். முப்பது வயதிருக்கும். பேச்சில் தயக்கம் துளியும் இல்லை.

“சரி, டிக்கி எங்கே? சாப்பாட்டை எங்கே வைப்பே?”

“பக்கத்துல உட்கார்ந்திருக்காரே எங்கப்பா, அவர்தான் டிக்கி.”

கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர், உள்ளேயிருந்தபடியே குரல் வந்த பக்கமாகக் கும்பிட்டார். “சூடு தாங்குற மாதிரி மடியில துண்டை நாலா மடிச்சுப் போட்டிருக்கேன்மா. நீங்க தைரியமா ஏத்துங்க!”

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த வாரம்தான் டெலிவரி ஆட்கள் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றிருந்தார்கள். மதிய ஆர்டர்கள் மேஜை மேல் ஆறிக்கொண்டிருந்தன.

“ஒரு வாரம் பார்க்கலாம்” என்றார்.

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, ஒரு விஷயம். இது அப்பா ரிட்டயர் ஆனதும் ஆசைப்பட்டு வாங்கின வண்டி. கண்ணுல புரை விழுந்து ஆபரேஷன் பண்ணினோம். அப்புறமும் மங்கலாத்தான் தெரியுதுங்கிறார். வண்டியைப் போர்த்திப் போட்டுட்டு ரூமுக்குள்ளேயே முடங்கிட்டார். சும்மா ஒரு சுத்து போய்ட்டு வரலாம்னு கூப்பிட்டா அசையமாட்டார். ‘உருப்படியா வேலைன்னா சொல்லு, வர்றேன்’னார். அதான் இந்த வேலை. அவருக்காகத்தான் செய்யறேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். எனக்கு ஒத்தாசைக்கு வர்றதாவே நினைச்சுக்கட்டும்.”

“நான் ஏன் சொல்லப்போறேன்?” என்றார் முதலாளியம்மா. மனசு இளகிவிட்டது.

முதல் வாரம் சைக்கிள்கூட அந்தக் காரை முந்திக்கொண்டு போயிற்று. சமையற்கட்டில் அவளுக்கு ‘ராக்கெட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். “உங்க கார் தெருமுனைக்கு வந்ததை பால்கனியிலேர்ந்து பார்த்தேங்க. அது எங்க வாசலுக்கு வர்றதுக்குள்ள நான் குளிச்சிட்டு வந்துட்டேன்!”

“இது ஸ்போர்ட்ஸ் காரா, தள்ளுவண்டியா?” என்று அவளைப் பிடித்துக் கேட்டார் முதலாளியம்மா.

“அப்பா மடியில கொதிக்கக் கொதிக்க சூப் இருக்குக்கா. ஒரு குலுக்கு குலுக்கினா தொடை வெந்துடும். நாளையிலேர்ந்து பாருங்க, வேகமாப் போறேன்.”

சொன்னபடியே வேகம் கூடியது. நாளுக்கு நாலு ஆர்டர் எட்டானது, எட்டு பன்னிரண்டானது. ஒருநாள் மூன்றடுக்கு கேக் ஒன்று ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டியிருந்தது. மற்ற ஆட்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள்.

“குடுங்கக்கா, நான் போறேன்” என்றாள் அவள்.

பெரியவர் கைக்குழந்தையை வாங்குவதுபோல் கேக்கை மடியில் வாங்கிக்கொண்டார். உச்சிவெயிலில், நெரிசலில், மேம்பாலம் ஏறி இறங்கி, இருபத்தைந்தே நிமிடத்தில் கேக் போய்ச் சேர்ந்தது. கிரீமில் ஒரு கீறல் இல்லை என்று அந்த வீட்டுக்காரர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள். அதன்பின் ராக்கெட் என்று கூப்பிட்டவர்கள் யாரும் கிண்டலாகக் கூப்பிடவில்லை.

மூன்றாவது மாதம் அது நடந்தது.

அவள் உள்ளே டப்பாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சந்தில் சிலிண்டர் லாரி வந்து நின்று, காது கிழிகிற மாதிரி ஹாரன் அடித்தது. சிவப்புக் கார் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்லலாம் என்று முதலாளியம்மா பின்வாசலுக்கு விரைந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெரியவர் காரைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். சமையற்கட்டு ஜன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். விறுவிறுவென்று சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வண்டியிலேயே இருந்த சாவியைத் திருப்பினார். ஒரே வீச்சில் கார் பின்னால் போய், இரண்டு குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே கச்சிதமாக நுழைந்தது. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். லாரி டிரைவரே விசிலடித்துவிட்டார்.

முதலாளியம்மா கிட்டே போவதற்குள் பெரியவர் தன் பழைய சீட்டுக்கு மாறி, மடியில் துண்டை விரித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா! உங்களுக்குக் கண்ணு...”

“சத்தம் போடாதீங்கம்மா.”

“பாவம், உங்க பொண்ணு உங்களுக்காக எவ்வளவு பாடுபடறா! அவகிட்டப் போய் இப்படி மறைக்கலாமா?”

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. “அக்கா, வண்டியை நகர்த்தணுமா? இதோ வர்றேன்!”

பெரியவர் அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“லாரிக்காரர் நகர்த்தினார்னு சொல்லிடுங்கம்மா. போன வருஷம் ஒரு விபத்துல சிக்கினதிலேர்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கை நடுங்கி, வீட்டைவிட்டே வெளியே வராம கிடந்தவ அவ. எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்ன பிறகுதான் திரும்ப அதைத் தொட்டா.”