அடைப்புக்குறி

மின்நூல்களை வாசித்துக்காட்டும் கணினிக் குரலை, பதிப்பகம் போட்ட மென்பொருள் பூட்டு வாயடைத்து வைத்திருந்தது. அந்தப் பூட்டைத் திறக்கும் நிரலை எழுதி ஊருக்கெல்லாம் பகிர்ந்ததற்காக, பிறவியிலேயே பார்வையற்ற நவமணி சாட்சிக் கூண்டில் நின்றாள்.

"இத நீங்களே எழுதுனீங்கன்னு நாங்க நம்பணும்?" பதிப்பகத்தின் வக்கீல் சிரித்தார்.

"சொல்லிக் காட்டவா சார்?"

"சொல்லுங்களேன், கேப்போம்."

நவமணி நிரலின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். புள்ளி, எண், இடைவெளி எதையும் விடவில்லை. சாட்சி சொல்வதையெல்லாம் அடித்தே பழகிய தட்டச்சர் பெண்மணி இதையும் அடித்துக்கொண்டே போனார். பாதி தாண்டிய பிறகுதான் வக்கீலுக்கு உறைத்தது. தடை வாங்கி இணையத்திலிருந்து எடுக்கவைத்த நிரலாயிற்றே! சாட்சியத்தின் நகலை நாளைக்கு எவன் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கிவிடுவானே!

"ஐயா, இது பதிவுல ஏறக் கூடாது!"

"கேட்டது நீங்கதானே?" என்றார் நீதிபதி. "பதில் முடியட்டும்."

முடிந்தது. நவமணி நிமிர்ந்த தலையைத் தட்டச்சு ஓசை வந்த பக்கம் திருப்பினாள்.

"கடைசி அடைப்புக்குறிய மறக்காம மூடிருங்கம்மா. இல்லேன்னா ஓடாது."